முகத்தைத் தூக்கியவர்தான் எழுத வேண்டும்

ஜூன் 3

தம்பிக்கு,

நீ நலமாக இருப்பதாக அம்மா சொன்னாள். நான் நலமாக இருப்பதையும் அவளே உன்னிடம் சொல்லியிருப்பாள். அதனால் அந்த இரண்டு வரியை மிச்சம் பிடித்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று வருஷமாக நாம் போனில் "நல்லா இருக்கியா", "இருக்கேன்", "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பதைத் தாண்டியதில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அது எனக்கு வசதி.

போன வாரம் பிடித்த மழையில் மாடியறைச் சுவர் ஊறி, அலமாரியின் கீழ்த்தட்டு நனைந்துவிட்டது. நம் பயண நோட்டுகள் இருக்கும் தட்டு. உன் அத்தான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து பழைய போர்வையை விரித்துப் பரப்பினார். நான் ஈரப் பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளைச் செருகி, மின்விசிறியை முழு வேகத்தில் சுற்றவிட்டேன். காயவைக்கிற சாக்கில் படிக்கவும் உட்கார்ந்துவிட்டேன். அன்று வேலைக்குப் போகவில்லை. காது சோதனைக்கு வந்தவர்கள் எல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே திரும்பியிருப்பார்கள். அது என் காதில் விழவில்லை.

அப்பா போட்ட சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ மறந்ததுபோல் நடிப்பாய் என்பதால் எழுதியே அனுப்புகிறேன். பயணத்தில் அன்றைக்கு யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களோ, அவர்தான் அந்த நாளை நோட்டில் எழுத வேண்டும். தன் குறையை ஒரு வரிகூட எழுதக் கூடாது. மற்றவர்கள் ஒவ்வொருவரும் எதில் சந்தோஷப்பட்டார்கள் என்பதை மட்டும்தான் எழுத வேண்டும். வீடு திரும்பிப் பைகளைப் பிரிக்கும்வரை அதை யாரும் படிக்கக் கூடாது. கடைசி நாளை எழுதி முடிக்காமல் அடுத்த பயணம் கிடையாது.

பின் சீட்டில் நம் இரண்டு பேரின் உம்மணாமூஞ்சிகளைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் மனிதர் அந்தச் சட்டத்தைப் போட்டார். அதில் அவரே பலமுறை மாட்டிக்கொண்டார். ஏரிக்குப் போன அன்று அவர் எழுதியிருப்பதைக் கேள்: "எல்லோரும் படகில் ஏறிச் சந்தோஷப்பட்டார்கள். நான் கரையில் பெஞ்சில் உட்கார்ந்து சந்தோஷத்தைப் பார்வையிட்டேன்." உன்னுடையது இன்னும் மோசம். "அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சந்தோஷப்பட்டாள். நாளைக்கும் அவளே உட்கார்ந்து சந்தோஷப்படட்டும். எனக்கு ஒன்றும் இல்லை." அந்த 'ஒன்றும்' மேல் பென்சிலை எவ்வளவு அழுத்தியிருக்கிறாய் தெரியுமா, அடுத்த பக்கத்தில்கூடத் தடம் இருக்கிறது.

எல்லா நோட்டும் நிறைந்திருக்கிறது, கடைசி நோட்டைத் தவிர. அப்பா போன பிறகு நாம் மூன்று பேரும் மலைக்குப் போனோமே, அந்தப் பயணத்தின் கடைசி நாளுக்குத் தேதி மட்டும் போட்டு வெறும் பக்கமாகக் கிடக்கிறது. அம்மா மறுபடி அந்த ஏரிக்குப் போக வேண்டும் என்கிறாள். ஆனால் பழையதை முடிக்காமல் வண்டியில் ஏற மாட்டாளாம். "உங்கப்பா சட்டம், நான் என்ன செய்ய" என்கிறாள்.

அதனால் நோட்டைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அன்று முகத்தைத் தூக்கியது யார் என்று உனக்கே தெரியும். எழுதி அனுப்பு.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

பார்சல் வந்தது. நோட்டை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை எழுத வேண்டியவள் நீ.

நான் அன்று முகத்தைத் தூக்கவில்லை. எனக்கு வந்தது கோபம். அது வேறு, இது வேறு. அப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்.

மலைப்பாதையில் கார் நின்றபோது ரேடியேட்டர் குழாயின் நுனி மட்டும்தான் கிழிந்திருந்தது. கிழிந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மீதிக் குழாயை மறுபடி மாட்டிக் கிளிப்பை முறுக்கித் தண்ணீர் ஊற்றினால் வண்டி வீடுவரை ஓடியிருக்கும். அதற்கு எஞ்சின் ஆற வேண்டும். அதனால்தான் சாலையோரக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்காரவில்லை, ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தேன். நீ என்ன செய்தாய்? எனக்குத் தெரியாமல் வளைவுக்கு அந்தப் பக்கம் போய் இழுவை வண்டிக்குப் போன் போட்டாய். அதன் டிரைவர் வந்து இறங்கியதும் அவரிடம் என்ன சொன்னாய்? "இவன் லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவன், இவனுக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்." அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவின் வண்டி. அப்பாவோடு எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதன் அடியில் படுத்துக்கிடந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

நேற்று ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் மேலே மோட்டார் அறையில் நிதானமாகத்தான் வேலை பார்த்தேன். ஒரு சேதமும் இல்லாமல் எல்லோரும் இறங்கினார்கள். நீ அங்கே இருந்திருந்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டிருப்பாய்.

அம்மா ஏரிக்குப் போக ஆசைப்பட்டால் நான் ஒரு நாள் வந்து அழைத்துப் போகிறேன். நோட்டு வேண்டாம்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

நோட்டு வந்து சேர்ந்தது. நீ ஒட்டியிருந்த டேப்பைப் பிரிக்கவே கத்தி தேவைப்பட்டது. கோபத்தில் ஒட்டினாயா, முகத்தைத் தூக்கிக்கொண்டு ஒட்டினாயா?

எஞ்சின் ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது சொல்கிறாய். அப்போது சொன்னாயா? உச்சி வெயில். குடிதண்ணீர் பாட்டில் காலி. அம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு சாலையோரம் நிற்கிறாள். நீ என்னடா என்றால் கல்லின் மேல் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வாயைத் திறந்து "அக்கா, கொஞ்சம் ஆறணும்" என்று இரண்டு வார்த்தை சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா? நீ எதையும் சொல்ல மாட்டாய், நாங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். உன்னை வைத்துச் சோதித்தால் காதுக்காரிக்கே ஒன்றும் கேட்காது.

இதற்கு மேலும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

வியாழக்கிழமை கடைக்குப் புறப்பட்டபோது, வாங்க வேண்டியதை ஒரு தாளில் அம்மாவை எழுதச் சொன்னேன். முதல் வரி குண்டுகுண்டாக, நமக்குத் தெரிந்த அம்மாவின் எழுத்துதான். கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரி எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்தது. கடையில் நின்று அதைப் படிக்க முடியாமல் விழித்தேன். ஏம்மா இப்படி என்று கேட்டதற்கு, "கை தானா சுருங்குது, நான் என்ன பண்ண" என்றாள். வலது கை லேசாக நடுங்குவதைக் கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். வயசு என்று விட்டுவிட்டேன்.

நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். உயிருக்குப் பயம் இல்லை என்றார். நடுக்கத்தை மாத்திரையில் கட்டுக்குள் வைக்கலாமாம். ஆனால் எழுத்து சுருங்குவது இந்த நோயின் வழக்கமாம். ஒரு நாள் பேனா பிடிக்கிறதே கஷ்டமாகிவிடலாம், அது எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி எல்லா நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன், அம்மாவின் எழுத்தைப் பார்க்கலாம் என்று. தம்பி, ஒரு பக்கம்கூட இல்லை. அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், நீ பாதி நோட்டுக்கு இருக்கிறாய். அம்மா இல்லை. அவள் ஒரு நாளும் முகத்தைத் தூக்கவில்லை. அதனால் ஒரு நாளும் எழுதவில்லை. இத்தனை வருஷம் நாம் ஊர் ஊராகப் போய் எழுதி வைத்தோமே, அதில் அம்மாவின் கைபட்ட ஒரு வரி கிடையாது. இப்படி ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு பெருமைப்பட்டது நம் குடும்பம் ஒன்றாகத்தான் இருக்கும்.

எனக்கு அழுகை வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

அக்கா


ஜூன் 24

அக்கா,

உன் கடிதத்தை வேலை நடுவில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். என்னோடு வந்த பையன் "அண்ணே, ஏதாவது கெட்ட சேதியா" என்று கேட்டான். அம்மாவுக்குக் கை சரியில்லை என்று சொன்னேன்.

சண்டையைத் தூக்கிப் பரணில் போடு. அன்று முகத்தைத் தூக்கியது நான்தான். எழுதிக்கொள். கையெழுத்து வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன்.

அம்மாவுக்கு ஒரு புது நோட்டு வாங்கிக் கொடு. கோடு அகலமாக இருக்கட்டும். இன்றே எதையாவது எழுதச் சொல். பழைய பயணங்களில் அவளுக்கு ஞாபகம் இருப்பது எதுவானாலும் சரி. மாத்திரையை நேரத்துக்குக் கொடு. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நேற்று போனில் அம்மாவிடம் பேசும்போது கையைப் பற்றிக் கேட்டேன். "உங்கக்காவுக்கு வேற வேலையில்ல" என்று சொல்லிவிட்டு, நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நோட்டு வாங்கினேன். அகலக் கோடு, தடி அட்டை, நல்ல பேனாவும்கூட. சமையலறை மேஜைமேல் வைத்து, பழைய பயணம் ஒன்றை எழுதும்மா என்றேன். அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"ஊருக்குப் போகாம என்ன பயண நோட்டு? அப்படியே போனாலும் மூஞ்சியத் தூக்கினவங்கதான எழுதணும்? நான் எப்பத் தூக்கினேன்?"

"ஒரு தடவையாவது தூக்கியிருக்கலாம்ல? ஏம்மா தூக்கல?"

"வண்டியில நாலு மூஞ்சி. உங்கப்பா மூஞ்சி ரோட்டைப் பாத்தாகணும். உங்க ரெண்டு மூஞ்சியும் எப்ப எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. ஒரு மூஞ்சியாவது நேரா இருக்க வேணாமா?"

இதைச் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நான் உரிக்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆக, அம்மா எழுத வேண்டுமானால் பயணம் போக வேண்டும். பயணம் போக வேண்டுமானால் அந்தப் பக்கம் எழுதப்பட வேண்டும். நீ பெருந்தன்மையாக "நான்தான் தூக்கினேன், எழுதிக்கொள்" என்கிறாய். அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்க முடியாது. தூக்கியது நான். நீ கோபித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போன பிறகு இழுவை வண்டியின் முன்பக்கம் நாங்கள் ஏறினோம். டிரைவர் பக்கத்தில் நான், ஜன்னலோரம் அம்மா. வழி முழுக்க நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடிக்கு முன்னால் ஒட்டியிருந்த சின்ன மின்விசிறியையே முறைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மாவோ குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டாள். அவ்வளவு உயரமான வண்டியில் அவள் ஏறியதே இல்லை. மரத்துக்கு மேலெல்லாம் தெரிகிறது என்றாள். நம் கார் பின்னால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வருவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். வளைவில் ஹாரன் அடிக்க வேண்டுமே, அதை நான் அடிக்கட்டுமா என்று டிரைவரிடம் கேட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். என்னைத் தாண்டி எட்டி எட்டி அடித்தாள். மலை இறங்கும்வரை ஒரு வளைவைக்கூட விடவில்லை.

அதை நான் எழுதிவிடுவேன். ஆனால் சட்டப்படி உன் சந்தோஷத்தையும் எழுத வேண்டும். நீ ஒருவன் பஸ்ஸில் போனாயே, அந்த நாளில் எதில் சந்தோஷப்பட்டாய்? எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இதுதான். ஒன்றே ஒன்று சொன்னால் போதும். பொய்யாகச் சொல்லாதே, அப்பாவுக்குப் பிடிக்காது.

அக்கா


ஜூலை 10

அக்கா,

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது.

நான் அந்தப் பஸ்ஸில் ஊருக்குப் போகவில்லை. மலையடிவாரத்திலேயே இறங்கிவிட்டேன். மலைப்பாதையில் சங்கிலி அறுந்து உருண்ட வண்டிகளைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். அந்த இழுவை வண்டியின் சங்கிலியை நான் சரிபார்க்காமல் வந்துவிட்டேன் என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. உங்களை அதில் விட்டுவிட்டு, நீங்கள் பத்திரமாக இறங்கியதைப் பார்க்காமல் நான் எப்படிப் போவது?

அடிவாரத்தில் ஒரு டீக்கடை. அதன் எதிரே ஒரு லாரி நின்றிருந்தது. அதன் பின்னால் நின்றுகொண்டேன், உன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. மேலே வளைவுக்கு வளைவு ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. "யார்டா இவன், கல்யாண ஊர்வலம் மாதிரி அடிச்சிட்டு வர்றான்" என்று டீக்கடைக்காரர் திட்டினார். நானும் திட்டினேன். அது அம்மா அடித்தது என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

வண்டி கடையைக் கடந்தபோது அம்மா ஜன்னலோரம் இருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. லாரிக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டாள். கையை வெளியே நீட்டி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். உன்னிடம் காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று பயந்து ஒளிந்துகொண்டேன். வண்டி நிற்கவில்லை. சங்கிலி நன்றாகத்தான் பிடித்திருந்தது.

அந்த நாளில் என் சந்தோஷம் அதுதான். அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதிக்கொள்.

நீ கூப்பிட்ட வண்டி இல்லையென்றால் அவள் அப்படிச் சிரித்திருக்க மாட்டாள். இதை மட்டும் எழுத வேண்டாம், உன் தலைக்கு ஏறிவிடும்.

தம்பி


ஜூலை 19

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே அம்மாவிடம் போனேன். அன்று அவள் கையை ஆட்டியது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்று வீடு வந்த பிறகு, யாருக்கும்மா என்று கேட்டேன். பால் வண்டிக்காரனுக்கு என்றாள்.

"பால் வண்டிக்காரனுக்குனு சொன்னியே அன்னிக்கு?"

"பால் வண்டிக்காரனும்தான் நின்னான்."

"மூணு வருஷமா சொல்லலையேம்மா. அவன் அங்க காத்திருந்தான்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் பேசாம இருக்கேன்?"

"அவன் ஒளிஞ்சு நின்னான். ஒளிஞ்சவனைக் காட்டிக்குடுக்கலாமா? அவனே வந்து சொல்லுவான்னு இருந்தேன். இவ்வளவு நாள் ஆக்குவான்னு நான் கண்டேனா?"

நமக்குத் தெரியாமல் நம் இரண்டு பேரையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு உன்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். நீ அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்ததற்காக நான் சொன்ன வார்த்தை தப்பு. அப்பாவின் வண்டியை உன்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

பக்கத்தை எழுதிவிட்டேன். மேல் பாதி நான் எழுதினேன். கீழ்ப்பாதியை உனக்கு விட்டு நோட்டை மறுபடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், என் சந்தோஷத்தை நீ எழுத வேண்டும். அன்று எனக்கு எந்தச் சந்தோஷமும் இருக்கவில்லை என்று யோசிக்காதே. அடிவாரத்தில் அந்த லாரியைக் கடந்தபோது, உன் சட்டை நிறத்தில் ஒரு சட்டை கண்ணில் பட்டது. "அவனா இருக்குமோ" என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை எழுது.

இப்போது அடுத்த பிரச்சினை. செப்டம்பரில் ஏரிக்குப் போகிறோம். அம்மா எழுத வேண்டுமானால் அவள் முகத்தைத் தூக்கியாக வேண்டும். அவளுக்குக் கோபமே வராதே, என்ன செய்வது? மூக்குக்கண்ணாடியை ஒளித்துவைத்தால் தேடிக்கொண்டே பாட்டுப் பாடுவாள். புறப்பட நேரமாக்கினால் "நல்லவேளை, ஜன்னலைச் சாத்தினேனானு பாத்துட்டு வரேன்" என்பாள். நீ இயந்திரம் தெரிந்தவன். அம்மாவை எந்த இடத்தில் முறுக்கினால் முகம் திரும்பும் என்று யோசித்துச் சொல்.

அக்கா


ஆகஸ்டு 6

அக்கா,

கீழ்ப்பாதியை எழுதிவிட்டேன். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது, ஏரிக்கு அதையே போட்டுக்கொண்டு வருகிறேன்.

லீவு கிடைத்துவிட்டது. முதல் நாள் காலையிலேயே வந்து வண்டியை முழுதும் பார்த்துவிடுகிறேன். புதுக் குழாய் ஒன்று, கிளிப் இரண்டு, தண்ணீர் கேன் எல்லாம் கொண்டுவருகிறேன். உன் மனசாந்திக்கு இழுவை வண்டி நம்பரையும் வைத்துக்கொள். எஞ்சின் சூடானால் வாயைத் திறந்து சொல்கிறேன்.

அம்மா விஷயம் யோசித்தேன். தேநீரில் உப்பு. புறப்பட்டதும் பிளாஸ்கிலிருந்து முதல் டம்ளர் அவளுக்குத்தானே கொடுப்போம், அதில் போடு. பாதகம் ஒன்றும் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று அவள் குடித்துவிட்டாள் என்றால் நாம் தோற்றோம். ஆனால் எனக்கு ஒரு நம்பிக்கை. அவளுக்குத் தேநீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வீம்பு உண்டு.

கொஞ்சமாகப் போடு. அம்மா பாவம்.

தம்பி


செப்டம்பர் 21

தம்பிக்கு,

உன்னை வழியில் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு நானும் அம்மாவும் வீடு வந்து சேர்ந்தோம். அதன் பிறகு நான் ஓட்டியபோதும் வண்டி நிற்காமல் ஓடியது. இந்த முறை பஸ்ஸில் ஏறும்போது நீ திரும்பிப் பார்த்தாய், நான் கவனித்தேன்.

வந்ததும் வராததுமாகப் பைகளைப் பிரித்தேன், சட்டப்படி. நோட்டைத் திறந்தேன். மூன்று நாளும் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்ததையும், சாயங்காலம் ஆனதும் "இன்னிக்கும் நான்தான்" என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டதையும் நீயே பார்த்தாய். என்ன எழுதினாள் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியாது. அவள் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் உனக்குக் காப்பி எடுக்கிறேன். கடைசிப் பக்கத்தைப் படிக்க உன் அத்தானின் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது.

முதல் நாள்.

"இன்று முகத்தைத் தூக்கியது நான். தேநீரில் உப்பு போட்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முன் சீட்டில் இரண்டு பேரும் எனக்குத் தெரியாமல் கைகுலுக்கிக்கொண்டார்கள். கண்ணாடியில் தெரிந்தது. அவர்கள் கைகுலுக்கி நான் இதற்குமுன் பார்த்ததில்லை. ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்கள்."

இரண்டாம் நாள்.

"இன்றும் நான்தான். உப்புக்கு அவசியம் இருக்கவில்லை. மகள் வழி தப்பாகச் சொன்னாள், மகன் ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் திருப்பினான், கொஞ்ச தூரம் போய் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏரியில் இரண்டு பேரும் படகில் போனார்கள். துடுப்பு யாருக்கு என்று சண்டை போட்டுப் படகு ஒரே இடத்தில் சுற்றியது. அதிலும் சந்தோஷம்தான். அவர் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து நான் சந்தோஷத்தைப் பார்வையிட்டேன்."

மூன்றாம் நாள். இங்கே எழுத்து மிகவும் சிறியது. சில இடத்தில் பேனா கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது.

"கடைசி நாள். இன்றும் நான். மகன் ஒரு தடவை வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறட்டும் அக்கா என்றான். அவள் சரிடா என்று இறங்கிப்போய் அவனோடு கல்லின் மேல் உட்கார்ந்தாள். ஒரு குடைக்குள் இரண்டு பேர். அவர்கள் சந்தோஷம் இவ்வளவுதான், இது போதும். குறை எழுதக் கூடாது என்பது சட்டம், அதனால் உண்மையை மட்டும் எழுதுகிறேன். இந்த மூன்று நாளும் நான் முகத்தைத் தூக்கியது பொய். இத்தனை வருஷம் தூக்காமல் இருந்ததிலும் பாதி பொய். எனக்கும் எழுத ஆசையாகத்தான் இருந்தது, யாரும் பேனாவைத் தரவில்லை. அடுத்த பயணத்துக்கும் நானே எழுதுகிறேன். யாரும் போட்டிக்கு வராதீர்கள். எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறது. நல்லதுதான், ஒரே பக்கத்தில் நிறையப் பிடிக்கும்."

அக்கா